அத்தியாயம் 9: கை மாறாத பாட்டில்

அக்கா ரொட்டித் துண்டுகளின் ஓரத்தை வெட்டி ஒதுக்கினாள். நடுவிலிருந்த வெள்ளைப் பஞ்சை மட்டும் தட்டில் வைத்து, மேலே ஜாமைத் தடவினாள். பக்கத்தில் ஒரு டம்ளர் நிறைய பாக்கெட் ஜூஸ். முட்டை இல்லை, மீன் இல்லை, வெண்ணெய் இல்லை. எண்ணெய் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"எனக்குப் பல்லு எல்லாம் இருக்குடி," என்றான் அவள் புருஷன். "பால்குடி மறக்காத புள்ளைக்கு வைக்கிற மாதிரி வைக்கிற."

"கொழுப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க. பேசாம சாப்பிடுங்க."

"கொழுப்பு எனக்கு வாயிலதான்னு நீயே சொல்லுவியே."

அவள் சிரிக்கவில்லை. அவன் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் போட்டான். வலது கை, ஒத்தாசைக்கு வந்த விருந்தாளி மாதிரி, சட்டை ஓரத்தைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மேசையில்தான் அந்தக் கையிலிருந்து கரண்டி நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "என்ன ஆச்சு" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் குழறலாக வந்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றியது. சரியாகிவிட்டது என்பதால் அவனுக்குத் தைரியம் வந்தது. டாக்டருக்கு வரவில்லை. "மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறந்திருக்கு. இது எச்சரிக்கை. அடுத்தது பெருசா வரலாம். கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற வரைக்கும் பாரம் தூக்காதீங்க" என்றார்.

இது இந்த வீட்டில் இருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மூன்றாவது ஆளுக்குப் போகக் கூடாது என்று புருஷன் வாக்கு வாங்கியிருந்தான். அதிலும் அந்த மூன்றாவது ஆள் அவள் கூடப்பிறந்த தம்பியாக இருக்கவே கூடாது. தம்பியிடம் முதுகுப் பிடிப்பு என்று சொல்லி இரண்டு வாரம் வீட்டில் இருந்தவன், 'வழி மட்டும் சொல்லுவேன்' என்று இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தான்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. தம்பி உள்ளே வந்தான். வரும்போதே இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டான்.

"கண்ணு எங்கேடா இருக்கு?"

"ரெண்டு நாளா தூசி அக்கா. கண்ணுக்கு விடுற மருந்து ஏதாவது இருக்கா?"

"அலமாரியில பாரு."

இவர்களுடைய தொழில் வீடு மாற்றுவது. அடுத்தவர் வீட்டைத்தான். பீரோ, கட்டில், குளிர்ப்பெட்டி, ஆபீஸ் மேசை என்று எதுவானாலும் இருவரும் தோள்வாரை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறக்குவார்கள். மேலே நின்று பிடித்து இழுப்பவன் மேல்கை. கீழே நின்று பாரத்தை நெஞ்சில் வாங்குபவன் கீழ்கை. மேல்கை விட்டால் கீழ்கைக்குக் கதை முடிந்தது. புருஷன் மேல்கை, ஊரில் அவனுக்கு 'இரும்பு' என்று பெயர். தம்பி கீழ்கை, ஒல்லி உடம்பு, தலை பெரிசு, அதனால் 'ஆணி'. தம்பி மட்டுமல்ல, தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

"இன்னைக்கு என்ன சாமான்?" என்று கேட்டாள்.

"மார்க்கெட் பின்னால இருக்கிற பழைய ஆபீஸ். மூணாவது மாடி. பணம் வைக்கிற இரும்புப் பெட்டி, யானைக்குட்டி கணக்கா இருக்கு. லிஃப்ட் கிடையாது," என்றான் ஆணி, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டே.

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவன் ஜூஸ் டம்ளருக்குள் பார்த்தான்.

தம்பி வண்டிக்குப் போன பிறகு அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீங்க தூக்கப் போறீங்களா?"

"நான் எதுக்குத் தூக்குறேன்? மேல நின்னு வழி சொல்லுவேன். தூக்க வேற ஆள் வர்றான்."

"யாரு?"

"வர்றான்னா வர்றான். நீ போய் அந்த ரத்த ரிப்போர்ட்டை வாங்கிட்டு வா. நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. மூணு வாரமா பஞ்சு ரொட்டி தின்னிருக்கேன், நல்லா இல்லாம எங்க போகும்?"

வண்டியின் முன்சீட்டில் ஒரு பெரிய பாட்டில் ஆரஞ்சு சோடா படுத்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அந்தப் பாட்டில் இருவருக்கும் சத்தியப்பிரமாணம் மாதிரி. பெரிய சாமானைத் தூக்கும் முன் மேல்கை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழ்கைக்குக் கொடுப்பான். கீழ்கை குடித்து மூடியைத் திருகுவான். அதற்குப் பிறகுதான் தூக்குவார்கள். பாட்டில் கை மாறவில்லை என்றால் வேலை இல்லை. ஒருமுறை மாமனுக்கும் மச்சானுக்கும் ஏதோ வாய்த்தகராறு. ஆணி பாட்டிலை வாங்க மாட்டேன் என்று விட்டான். ஒரு பீரோ பாதிப்படியில் அரைநாள் நின்றது. வீட்டுக்காரர்கள் பீரோவைச் சுற்றிச் சுவரோடு ஒட்டி ஏறி இறங்கினார்கள். கடைசியில் அக்கா போய் இருவரையும் திட்டிப் பாட்டிலைக் கைமாற்றி விட்டாள். அந்தக் கதையைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள்.

* * *

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிறவளை நோயாளிகள் சாப்பாட்டு டாக்டரம்மா என்றுதான் சொல்வார்கள். அறை சின்னது. மேசையில் பைல்களுக்கு அடியில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் பாதி பிரிந்து கிடந்தது. அக்கா அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா ஒரு பைலை அதன்மேல் நகர்த்தினாள்.

"அவர் வரலையா?"

"வேலை... வீட்ல இருக்காரு."

டாக்டரம்மா இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று எடுத்தது. இன்னொன்று புதுசு.

"ரத்தத்துல ஒரு வகைக் கொழுப்பு ஏறியிருக்கு. சர்க்கரையும் கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது. வீட்ல என்ன சாப்பிடறார்?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்குத்தான் தயாராக வந்திருந்தாள். "எண்ணெய் ஒரு சொட்டு கிடையாதும்மா. முட்டையை நிறுத்திட்டேன். மீன், கொட்டை, பருப்பு எதுவும் இல்ல. பருப்பு வாயுன்னு சொன்னாங்க. மூணு வேளையும் மெதுவா இருக்கிற சாப்பாடுதான்."

"நிறுத்தினதைச் சொல்லிட்டீங்க. அந்த இடத்துல எதை வச்சீங்க?"

"வெள்ளை ரொட்டி. ஓரத்தை வெட்டிட்டு. ஜாம், ஜூஸ். உருளைக்கிழங்கு மசிச்சு. சாயங்காலம் பிஸ்கட்."

"சோடா?"

"அது வேலைக்குப் போகும்போது. தெம்புக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று அக்கா நினைத்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்க மேல தப்பு இல்லம்மா. கொழுப்பைக் குறைன்னு சொன்னோம், எதைச் சாப்பிடணும்னு உட்கார வச்சுச் சொல்லல. வெள்ளை ரொட்டி பார்க்கத்தான் சாது. வயித்துக்குள்ள போனதும் கரைஞ்சு சர்க்கரையாகி ரத்தத்துல மடமடன்னு ஏறும். ஜூஸும் சோடாவும் அதைவிட வேகம். மிச்சமாகிறதை ஈரல் கொழுப்பா மாத்தி அனுப்பும். எண்ணெயை வாசல் வழியா துரத்திட்டு, கொல்லைப்புறமா வேற கொழுப்பைக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

"உழைக்கிற உடம்பும்மா. எரிச்சிடாதா?"

"வேலை செஞ்சா கொஞ்சம் எரியும். ஆனா அவர் ஓய்வுலதானே இருக்கார்? அப்பவும் அதே ஜூஸ்தானே?"

அக்கா பைலுக்கு அடியில் மறைந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"இந்த ரொட்டியாலதான் அன்னைக்கு அப்படி ஆச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ரத்த அழுத்தம் இருக்கு, சிகரெட் பிடிச்சிருக்கார், வயசு இருக்கு. ஆனா வருஷக்கணக்கா வெள்ளை மாவும் இனிப்புத் தண்ணியுமா ஓட்டுறவங்களுக்கு இதய நோயும் மூளை அடைப்பும் வர்ற வாய்ப்பு அதிகமா இருக்கு. தவிடு எடுக்காத தானியம், பயறு, காய்ன்னு சாப்பிடுறவங்களுக்குக் குறைவா இருக்கு. மாவுச்சத்தே விஷம் இல்ல. எந்த மாவுங்கறதுதான் விஷயம்."

"அப்ப நானே..."

"இல்ல. இன்னைக்கே மாத்திடலாம். பருப்பு போடுங்க, மீன் போடுங்க, கொஞ்சம் கொட்டை கொடுங்க. ரொட்டின்னா முழுத்தானிய ரொட்டி. நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க, பழுப்பா இருக்கிறதெல்லாம் தவிடு இல்ல. பழத்தைப் பிழியாம கடிச்சுத் தின்னச் சொல்லுங்க. மாத்திரையை விடக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு. கை, வாய், பேச்சு, கண் பார்வை... எது திடீர்னு போனாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். திரும்பி வந்துடுச்சேன்னு வீட்ல உட்காரக் கூடாது. பாரம் எதுவும் தூக்கலையே?"

"இல்லம்மா," என்றாள் அக்கா. சொன்ன பொய் காதிலேயே நின்றது.

வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் அடித்தாள்.

"சொல்லுக்கா."

"அந்த வேற ஆள் வந்தாச்சா?"

"எந்த வேற ஆள்?"

"இரும்புப் பெட்டி தூக்க."

"மாமா இருக்கும்போது வேற ஆளு எதுக்கு? சாவு எடுக்கப் போறோமா, நாலு பேர் வேணும்னு சொல்ல?" அவன் சிரித்தான். "வார் கட்டியாச்சு. சோடா குடிச்சிட்டு இறக்க வேண்டியதுதான்."

"கீழ்கை யாருடா?"

"என்னக்கா இன்னைக்குப் புதுசா கேக்குற? நான்தான். என்னைக்கும் நான்தான்."

சொல்லிவிடலாம். ஒரே வரி. உன் மாமன் கை செத்துப் பிழைத்த கை. அந்த வரி தொண்டை வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. கை விட்டவன் என்று ஒருமுறை பெயர் வந்தால் இந்தத் தொழிலில் காலி அட்டைப்பெட்டியைக் கூட யாரும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். அந்த மனுஷன் தூக்குவதைத் தவிர வேறொன்றும் கற்றவனில்லை. மூன்று வாரமாக அவன் கண்ணில் பார்த்த பயம் சாவைப் பற்றியதல்ல என்று அவளுக்குத் தெரியும்.

"டேய், நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

"நீ எதுக்கு வர்ற? மாமா கூப்பிடுறாரு, வைக்கிறேன்."

திரும்ப அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தூக்குகிறவன் போன் எடுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வேலை நேரத்தில் எடுக்கிறவனை அவளே திட்டியிருக்கிறாள்.

* * *

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போய்விடும் போல் இருந்தது. ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். புருஷன் மானத்தையும் தம்பி உயிரையும் ஒரே தராசில் வைத்து, வராந்தாவில் நின்று எடை பார்த்திருக்கிறாளே, இவளும் ஒரு அக்காவா?

கட்டடம் பழசு. வாசலில் அவர்கள் வண்டி நின்றது. இடது பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கியது. காலையில் நன்றாக இருந்த மாதிரி ஞாபகம். நின்று பார்க்க நேரமில்லை.

படிகள் குறுகல். சுவரில் பெயிண்ட் உரிந்து உள்ளே செங்கல் தெரிந்தது. முதல் மாடி. இரண்டாவது மாடி. மேலே தம்பியின் குரல் கேட்டது. உயிர் இருக்கிற குரல். கைப்பிடியைப் பிடித்து ஒரு நொடி நின்று, மறுபடி ஏறினாள்.

மூன்றாவது மாடித் தளத்தில் இரும்புப் பெட்டி நின்றது; அறைக்குள்ளிருந்து படிவரை நகர்த்தி வரவே அவர்களுக்கு இவ்வளவு நேரம் ஆகியிருந்தது. பச்சைப் பெயிண்ட், குழந்தை உயரம். அடியில் வார் இரண்டு சுற்று. பெட்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் புருஷன். இந்தப் பக்கம், இரண்டு படி கீழே, தம்பி. வாரைத் தோளில் மாட்டியாகிவிட்டது.

புருஷன் குடித்து முடித்து வாயைத் துடைத்தான். பெட்டிக்கு மேலாகப் பாட்டிலை நீட்டினான். இடது கையால்.

தம்பி கை நீட்டுவதற்குள் அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா! நீ எங்க இங்க?" என்றான் ஆணி. "தாகமா? குடிச்சிட்டுக் கொடு."

அவள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"கொடுடி," என்றான் புருஷன். குரல் தாழ்ந்திருந்தது.

"கொடுக்க மாட்டேன்."

"வேலை நேரத்துல வந்து கூத்தடிக்காத. கீழ் மாடிக்காரங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். பாட்டில் கை மாறாம தூக்க மாட்டீங்கதானே? மாறாது. இன்னைக்கு மாறாது."

ஆணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன நடக்குது? மறுபடியும் சண்டையா? நான் நடுவுல கிடந்து நசுங்கணுமா?"

"அதுக்குத்தான்டா வந்தேன்," என்றாள். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "இவருக்கு முதுகுப் பிடிப்பு இல்லடா. மூளைக்கு ரத்தம் அடைச்சுடுச்சு. வலது கை விழுந்து எழுந்திருக்கு. பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கினாரு."

ஆணி பெட்டிக்கு மேலாக எட்டி மாமனைப் பார்த்தான்.

"உளறாத," என்றான் புருஷன். "எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ளே. அது அன்னைக்கே சரியாயிடுச்சு."

பெட்டிமேல் கிடந்த மூடிக்குப் பக்கத்தில் அக்கா பாட்டிலை வைத்தாள். "இதை மூடுங்க. வலது கையால. மூடிட்டீங்கன்னா நானே தம்பி கையில கொடுத்துட்டுப் போறேன்."

அவன் அவளை முறைத்தான். பிறகு வலது கையால் மூடியை எடுத்தான். எடுத்தது போலத்தான் இருந்தது. விரல்களுக்கு நடுவில் அது நழுவி, பெட்டியின் ஓரத்தில் பட்டு, படியில் விழுந்து, ஒவ்வொரு படியாக டக், டக் என்று இறங்கி நின்றது.

யாரும் அதைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள்.

"நேத்து," என்றான் ஆணி மெதுவாக. "நேத்து அந்தப் பீரோ உன் வலது கைப் பக்கமா சாஞ்சுதே. வார் நழுவிடுச்சுன்னு சொன்ன."

புருஷன் வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இந்த வாரம் பூரா என்னைக் கீழ நிறுத்தித் தூக்கியிருக்க. என் மேல இறங்கியிருந்தா? என் புள்ளைங்களுக்கு யாரு மாமா பதில் சொல்லுவா? நீயா, இந்த டப்பாவா?"

"உன்கிட்ட சொன்னா நீ என்கூட வருவியா மாப்ளே?"

"வர மாட்டேன்."

"அதான் சொல்லல." இரும்பு தரையில் உட்கார்ந்துவிட்டான். பெட்டி மறைத்ததில் அவன் தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலை அவ்வளவு வெளுத்திருந்ததை அக்கா அன்றைக்குத்தான் கவனித்தாள்.

ஆணி தோளிலிருந்து வாரைக் கழற்றினான். கோபத்தில் கழற்றினான், கொக்கி சுவரில் அடித்தது. "இன்னைக்கு வேலை இல்ல. வாக்கா, போகலாம். மூடியை எடுத்துட்டு வர்றேன், பாட்டில் வண்டியெல்லாம் கொட்டும்."

குனிந்து படியில் கையால் துழாவினான். மூடி அவன் இடது காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஆரஞ்சு நிறம். வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. அவன் அதைத் தாண்டித் தேடினான். திரும்பவும் தாண்டினான்.

"அதோ இருக்கேடா. இடது கால்கிட்ட."

அவன் நிமிரவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்தான்.

"எங்கக்கா?"

"கால்கிட்டடா!"

"இருக்கும். இடது பக்கம் பூரா கருப்புத் துணி இறக்கின மாதிரி இருக்கு." குரலில் பயம் இல்லை. பழகிப்போன சலிப்புதான் இருந்தது. "கொஞ்ச நேரம் இருக்கும், போயிடும். தூசிதான்னு நினைச்சேன். காலையில வண்டி ஓட்டும்போது கூட வந்துச்சு. கண்ணாடியை இடிச்சிட்டேன்."

பெட்டிக்கு அந்தப் பக்கம் இரும்பு எழுந்து நின்றான். "மாப்ளே... எத்தனை நாளா?"

"உனக்குச் சொன்னா என்னைக் கீழ நிறுத்துவியா?"

மாமன் கைகளைப் பெட்டிமேல் ஊன்றிச் சுவரோரமாக ஒதுக்கப் பார்த்தான். அது அசையவில்லை. தாண்டி வர இடமும் இல்லை.

அக்கா ஒரு கையால் தம்பியின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். இன்னொரு கையால் போனைத் தேடினாள். கை, வாய், பேச்சு, கண் பார்வை. திரும்பி வந்தாலும் வீட்டில் உட்காரக் கூடாது. எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் யாரோ எடுத்து, எந்த இடம் என்று கேட்டார்கள். வாசலில் பார்த்த கட்டடத்தின் எண் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"எதுக்குக்கா ஆம்புலன்ஸெல்லாம்?" என்றான் தம்பி. "மயக்கம்தான். போன தடவையும், அதுக்கு முந்தின தடவையும், ரெண்டு வாய் சோடா குடிச்சதும் தெளிஞ்சிடுச்சு. அந்தப் பாட்டிலை மட்டும் கொடு."

கையை நீட்டினான். பாட்டில் இல்லாத பக்கமாக.